கார்டு ஏறாத ரயில்

செவ்வாய்க்கிழமை மதியம் குருவியின் மணிக்கட்டில் பதிந்திருந்த பல் தடங்கள் நாலு. வீடு வந்து சேர்வதற்குள் அது எட்டானது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏறி இறங்கியபோது முப்பத்திரண்டைத் தாண்டிவிட்டது. நாலு வயதுப் பிள்ளைக்கு வாயில் இருப்பதே மொத்தம் இருபது பல்தானே என்று கேட்க அங்கே யாருக்கும் பொழுதில்லை.

கடித்தவளும் நாலு வயதுக்காரிதான். பேச்சு இன்னும் வரவில்லை. சத்தம் என்றால் ஆகாது. பெற்றவர்கள் அவளுக்கு அழகாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மற்ற பெற்றோர்கள் வைத்த பெயர் புயல். அந்தப் பாலர் வகுப்பில் காதுக்கருவி மாட்டிய பையன், சக்கர நடைவண்டியோடு நடக்கும் பெண், எந்தக் குறையும் இல்லாத அக்மார்க் வால்கள் என்று எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். அதில் பதினோரு வீட்டார், புயலை வகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். மனுவை எழுதியவள் குருவியின் அம்மா.

தலைமை ஆசிரியை மனுவைப் படித்தார். வெள்ளிக்கிழமை மாலை கூட்டம், அங்கே முடிவு செய்யலாம் என்றார். ஆனால் அதற்கு முன் உங்களில் ஒருவர் ஒரு முழு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு கொக்கியும் போட்டார். பதினோரு வீட்டிலும் எல்லோருக்கும் வேலை. வேலை இல்லாத ஒரே ஆள் குருவியின் தாத்தா.

தாத்தா என்றால் அவருக்குப் பிடிக்காது. கார்டு என்று கூப்பிட வேண்டும். முப்பத்தைந்து வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலுமாக நின்றவர். ஓய்வுபெற்ற பிறகும் காபி குடித்த நேரத்தை நிமிடத்தோடு டைரியில் எழுதுபவர். மருமகள், அதாவது குருவியின் அம்மா, அவர் கையில் புது நோட்டு ஒன்றைக் கொடுத்தாள்.

"மாமா, நடக்கிறதை அப்படியே எழுதிட்டு வாங்க. நேரம் போட்டு. அவ யாரையாவது ஒரு கீறு கீறினாலும் சரி, விடாம எழுதிடுங்க. கூட்டத்துக்கு அது போதும்."

வியாழக்கிழமை காலை சரியாக எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கார்டு வகுப்பறையில் இறங்கினார். அவருக்குக் கிடைத்த நாற்காலி உள்ளங்கை அகலம். உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. டீச்சரைப் பார்த்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மின்விசிறியை இரண்டாம் எண்ணில் வைத்தால் ஜன்னல் வழியாகப் பறந்துவிடுவாள் போலிருந்தாள். இவளா புயலை அடக்கப்போகிறாள்?

டீச்சர் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னாள். "ஐயா, 'ரயில் கிளம்புது'ன்னு நான் சொன்னா, பிள்ளைங்களோட நீங்களும் வெளிய போயிடணும். இங்க நிக்கக் கூடாது."

"என் விசில் இல்லாம எந்த ரயிலும் கிளம்பினதில்லம்மா" என்றார் கார்டு. டீச்சர் சிரித்தாள். ஆனால் நிபந்தனையைத் திரும்ப ஒருமுறை சொன்னாள்.

பிறகுதான் அவர் கண் திறந்தது. நாற்காலிக் கால் ஒவ்வொன்றிலும் பழைய டென்னிஸ் பந்து ஒன்றைக் கீறி மாட்டியிருந்தார்கள். இழுத்தால் பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. எட்டும் உயரத்தில் இருந்த கட்டைகள் எல்லாம் துணியில் தைத்தவை. மரக்கட்டைகள் பூட்டிய பெட்டியில் இருந்தன. டீச்சரின் கூந்தல் இறுகிய கொண்டை. காதில் பொட்டுத் தோடு. அடையாள அட்டை கழுத்தில் தொங்காமல் இடுப்பில் கிளிப் போட்டிருந்தது. ஏன் என்று கேட்டார். கழுத்தில் கயிறு இருந்தால் பிள்ளை இழுக்கும்போது இரண்டு பேருக்குமே ஆபத்து என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மணல் தட்டுப் பக்கம் போனாள். ரயில் கிளம்புமுன் பிரேக் பார்க்கிற ஆள்போல அவள் அந்த அறையைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று கார்டுக்குப் பட்டது. நோட்டில் எழுதினார்: 9.20, வண்டி சோதனை திருப்தி.

மூலையில் சின்னக் கூடாரம் ஒன்று இருந்தது. புயல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மணிகளை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத முகம்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்குக் காதுக்கருவிப் பையன் ஒரு டப்பாவைத் தட்ட ஆரம்பித்தான். புயலின் இடது கை காதுக்குப் போனது. குதிகால் தரையை விட்டு எழும்பியது. தொண்டையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். டீச்சர் பத்தடி தள்ளி யாருக்கோ மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தவள், துடைத்த கையோடு இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். கூடாரத்தின் படம். புயல் பார்த்தாள், எழுந்து கூடாரத்துக்குள் போனாள். உதவிக்கு இருந்த அக்கா டப்பாவுக்குப் பதிலாகப் பையன் கையில் தலையணையைக் கொடுத்து, தட்டுடா ராஜா என்றாள். முடிந்தது. குழாயடிச் சண்டையைக் கண்ணசைவால் நிறுத்துகிற வித்தை.

காது, குதிகால், முனகல். முதலில் வரும் சிக்னல், அடுத்தது, கடைசியில் சிவப்பு. கார்டுக்கு உடம்பு சிலிர்த்தது. ஊர் உலகமெல்லாம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கும்போது, இவள் தும்பிலேயே கண்ணாக இருக்கிறாள். முப்பத்தைந்து வருடத்தில் இப்படிச் சிக்னல் பார்க்கிற ஓட்டுநரை அவர் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறார். அதில் ஒருவர் கண்ணாடி போட்டவர்.

பத்து முப்பத்திரண்டுக்கு விதி டிரில்லிங் மெஷின் ரூபத்தில் வந்தது. பக்கத்து அறையில் அலமாரி மாட்ட வந்த தச்சர் யாரையும் கேட்காமல் சுவரில் துளை போட்டார். சுவர் அலறியது. புயலுக்குக் காதுமில்லை, குதிகாலுமில்லை, நேராகச் சிவப்பு. துணிக்கட்டைகள் விண்கற்களாகப் பறந்தன. ஒன்று கார்டின் நெற்றியில் பட்டது. பஞ்சு என்பதால் தப்பினார்.

"ரயில் கிளம்புது" என்றாள் டீச்சர். சாப்பிட வாங்க என்கிற குரல்தான்.

அக்கா ஆணியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். அதில் வரிசையாகத் துணி வளையங்கள். பதினோரு பிள்ளைகள் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்தார்கள். குருவிதான் எஞ்சின். நடைவண்டிப் பெண் நடுப்பெட்டி. அவள் வேகத்துக்குத்தான் மொத்த ரயிலும் போகும். அழுகை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. கூ என்று கத்தக்கூட இல்லை. அது கத்தாத ரயிலாம். நாற்பது விநாடியில் அறை காலி. கார்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மெயில் வண்டியெல்லாம் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் போகவில்லை. கடைசிப் பயணி இறங்கும்வரை கார்டு இறங்குவதில்லை. அது ரத்தத்தில் ஊறிய புத்தி.

டீச்சர் புயலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்றாள். இரண்டு கை தூரம். விரித்த கைகள் தொடையை ஒட்டித் தொங்கின. கூடாரத்துக்குப் போகும் வழியை மறைக்கவில்லை. வாய் பேசவில்லை. காலால் மட்டும் மெத்தைகளை ஒவ்வொன்றாக அலமாரி முனைக்கு முன்னால் தள்ளினாள். புயல் அலமாரியை நோக்கி ஓடினாள். மெத்தை இருப்பது டீச்சருக்குத் தெரியும். கார்டுக்குத் தெரிந்தது பிளாட்பார விளிம்பு மட்டும்தான். ஓடுகிற வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே விழப்போன பதினேழு பேரை அவர் பின்னாலிருந்து அணைத்துத் தூக்கியதாகச் சொல்வார். டைரிப்படி மூன்று பேரும் ஒரு ஆடும். பாய்ந்தார், புயலைப் பின்னாலிருந்து இரு கையாலும் சேர்த்துப் பிடித்தார்.

அடுத்த நொடி அவர் முன்கையில் பல் இறங்கியது. உச்சி மண்டைவரை மின்னல் போனது. கையை வெடுக்கென்று இழுக்கப்போனார்.

"இழுக்காதீங்க ஐயா." டீச்சரின் குரல் ஒரு இழை உயரவில்லை. "இழுத்தா உங்க தோலும் கிழியும், அவ பல்லும் போகும். அவ வாய்ப்பக்கமாவே மெதுவா சாயுங்க. ம். அப்படித்தான்."

யானை மிதிக்கும்போது எதிர்த்துப் போய்ப் படு என்கிற மாதிரி இருந்தது. சாய்ந்தார். பல் விட்டது.

"இப்ப கையை எடுத்துட்டு மூணு அடி பின்னால போங்க."

போனார். அதோடு எல்லாம் அடங்கிவிடவில்லை. புயல் மெத்தைகளை உதைத்தாள், அலறினாள். டீச்சர் காத்திருந்தாள். இதற்குள் கத்தாத ரயில் பக்கத்து அறை வாசலில் போய் நின்றிருக்கிறது. பதினோரு ஜோடிக் கண்கள் மௌனமாகத் தன்னையே பார்ப்பதைக் கண்ட தச்சர் வெலவெலத்துப் போய் மெஷினை அணைத்துவிட்டார். சத்தம் நின்று நாலு நிமிடம் கழித்துப் புயல் தானாகக் கூடாரத்துக்குள் நுழைந்தாள். டீச்சர் அதன் வாசலுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை, உபதேசமும் இல்லை. அவள் முதுகு மட்டும் நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தோல் கிழியவில்லை. அரை மணி கழித்துப் புயல் வெளியே வந்து, டீச்சர் காட்டிய படத்தைப் பார்த்து, மூன்று பிளாஸ்திரிகளைக் கார்டுக்கு ஒட்டினாள். மூன்றையும் முழங்கையில். கடித்தது எங்கே, மருந்து எங்கே. ஆனாலும் அவர் அசையவில்லை.

மதியம் பிள்ளைகள் தூங்கும்போது கார்டு கேட்டார், என் பேத்தியைக் கடித்த அன்று என்ன நடந்தது என்று. டீச்சர் தன் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். முன்னால் நடந்தது, நடந்தது, பின்னால் நடந்தது என்று மூன்று கட்டம். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் இருந்தது இதுதான்: அபாய மணி சோதனை, புயல் காதைப் பொத்தி அழுதாள், குருவி அவளைச் சமாதானப்படுத்தப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். கடைசியில் ஒரு வரி: நான் இரண்டு விநாடி தாமதம், தவறு என்னுடையது.

கார்டு அந்த வரியை மூன்று தடவை படித்தார். தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே வியாதி. ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அணைக்கிற வியாதி. வீட்டில் இத்தனை பேர் பல்லை எண்ணினார்கள். குருவி என்ன செய்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் உட்பட.

"இந்தப் பொண்ணுக்கு இது நாலாவது பள்ளிக்கூடம் ஐயா" என்றாள் டீச்சர். "இதையும் விட்டா, அஞ்சாவது இல்ல."

வெள்ளிக்கிழமை மாலை கார்டு அலமாரியின் முன் நெடுநேரம் நின்றார். முழுக்கைச் சட்டை ஒன்று இருந்தது. அதைப் போட்டால் கடி மறைந்துவிடும்; பிள்ளை தப்பும். ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் அவர் ஒரு தாமதத்தைக்கூட மறைத்ததில்லை. அரைக்கைச் சட்டையோடு கிளம்பினார்.

கூட்டத்தில் மருமகளின் கண் நேராக அவர் கைக்குத்தான் போனது.

"கடிச்சிருக்கா, பாருங்க. பெரியவர்னும் பார்க்கல" என்று எல்லோருக்கும் காட்டினாள். மூலையில் புயலின் அம்மா கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மூன்று பள்ளிக்கூடங்களிலிருந்து எழுந்து போனவள் உட்காரும் விதம் அது.

கார்டு நோட்டைத் திறந்தார். வண்டிச் சோதனையிலிருந்து நிமிடம் நிமிடமாகப் படித்தார். கத்தாத ரயில் தச்சரை முற்றுகையிட்ட இடத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பத்து முப்பத்தாறு. ரயிலில் ஏறும்படி உத்தரவு இருந்தும் கார்டு ஏறவில்லை. நிலைமை டீச்சரின் கட்டுப்பாட்டில் இருந்தும் பிள்ளையைப் பின்னாலிருந்து பிடித்தார். கடிபட்டார். காரணம், கார்டு." ஒரு பக்கத்தைப் புரட்டினார். "செவ்வாய்க்கிழமை. டீச்சர் பதிவேட்டுப்படி, குருவியும் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். கெட்ட எண்ணம் ரெண்டு பேர்கிட்டயும் இல்ல."

மருமகள்தான் முதலில் பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"குருவியா போய்க் கட்டிப்பிடிச்சா?"

"உன் பொண்ணு இல்லியா. அழற பிள்ளையைப் பார்த்துட்டு சும்மா இருப்பாளா?"

மருமகள் மனுவை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு டீச்சரிடம், பின்னாலிருந்து பிடிக்கக் கூடாது என்றால் பிள்ளைகளுக்கு வேறு என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டாள். ஒரு தந்தை, அபாய மணி சோதனையைப் பிள்ளைகள் போன பிறகு வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். பிள்ளைகள் இருக்கும்போது பழகினால்தான் நிஜ நெருப்பில் உதவும் என்றும், ஆனால் புயலுக்கு முன்கூட்டியே படம் காட்டிக் காதுக்கு மூடி போட்டுவிடலாம் என்றும் டீச்சர் சொன்னாள். தலைமை ஆசிரியை, இனிமேல் தன்னைக் கேட்காமல் யாரும் சுவரைத் தொடக் கூடாது என்று குறித்துக்கொண்டார். புயலின் அம்மா வாரைத் திருகுவதை நிறுத்தினாள். முடிவு என்று யாரும் தனியாக அறிவிக்கவில்லை.

அன்று இரவு குருவி குளிக்க மாட்டேன் என்று வீட்டையே இரண்டாக்கினாள். மருமகள் வழக்கம்போலப் பின்னாலிருந்து அள்ளப் போனவள், பாதியில் நின்றாள். பக்கவாட்டில் திரும்பினாள். கைகளைத் தொங்கவிட்டாள். குளியலறைக் கதவை மறைக்காமல் ஒதுங்கி, வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டு வரலாற்றிலேயே அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

கார்டு டைரியை எடுத்தார். 7.14, சிவப்பு. 7.19, வண்டி தானாகக் கிளம்பியது.