இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

இசைத்தட்டின் அட்டையில் நாங்கள் இல்லை. ஒரு கடற்கரை இருந்தது, அதில் கைகோத்து நடக்கிற ஒரு வெள்ளைக்கார ஜோடி இருந்தது, அவர்கள் தலைக்கு மேல் தங்க எழுத்தில் ‘ஓபலைன்ஸ்’ என்று எங்கள் குழுவின் பெயர் இருந்தது. என் அம்மா யூலா அதை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள், மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

“இதுல நீ எங்கடி?”

“நாங்க யாருமே படத்துல இல்லம்மா. கறுப்பு முகம் இல்லாம இப்படிப் போட்டாத்தான் எல்லாக் கடையிலயும் வாங்கி வைப்பாங்களாம். மிஸ்டர் டாலிவர் சொன்னாரு.”

“டெட்ராய்ட்ல ஏதுடி கடற்கரை?”

அது எங்கள் முதல் ஆல்பம். நானும் எர்னஸ்டினும் லூனெட்டும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே சபையின் பாடகர் குழுவில் வாய் திறக்கக் கற்றவர்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க பகலில் அவரவர் வேலை, சாயங்காலமானால் எங்கள் பாட்டைப் பதிவு செய்கிற டாலிவர் வீட்டு நிலவறையில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாட்டு. எனக்கு ஆஸ்பத்திரி லாண்டிரியில் வேலை. ஆவியிலும் சோப்பு நெடியிலும் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து காதலைப் பற்றிப் பாடுவேன். இப்போது தட்டு வந்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பஸ் கிளம்புகிறது, தெற்கே ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டும். போனால் லாண்டிரி வேலை போய்விடும். அம்மா சம்மதிக்காமல் போகவும் எனக்கு வராது. பத்தொன்பது வயதில் சொல்லாமல் கிளம்புகிற பெண்கள் இருக்கிறார்கள், அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டில் கர்த்தரைப் பாடுகிற பாட்டுத்தான், உலகப் பாட்டு ஒலித்ததே கிடையாது. ஆனாலும் அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“போடு, கேக்கறேன். நூறு பேர் சேர்ந்து பாடினாலும் என் பிள்ளை குரல் எனக்குத் தெரியும். அதுல உன் குரல் தனியா நின்னுச்சுன்னா அது கர்த்தர் குடுத்தது, நான் குறுக்க நிக்கல, போயிட்டு வா. எவ பின்னாலயோ நின்னு ஊ ஊன்னு இழுக்கத்தான் வேலைய விடப்போறேன்னா, ஒழுங்கா லாண்டிரிக்குப் போய்ச் சேரு.”

தட்டு சுழன்றது. சபையில் பிரசங்கம் கேட்பதுபோல் கையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதல் பக்கம் முடிந்தது, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் ஓர் இடம் வரும். மேளம் நின்றுவிடும், வார்த்தையும் நின்றுவிடும். ஒரே ஒரு குரல் மட்டும் மேலே ஏறி, உடையப் போகிறது என்று நாம் பயப்படும்போது கொஞ்சம் உடைந்து, அப்படியே மடிந்து கீழே இறங்கும். அந்த இடத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். கண் நனைந்திருந்தது.

“அது நீதாண்டி.”

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் அந்த இடத்தை நாங்கள் மூன்று பேருமே வேறு வேறு நாளில் பாடினோம். மூன்று பேரிடமும் டாலிவர், “இதுதான், இதத்தான் தேடிட்டிருந்தேன்” என்று சொன்னார். எனக்கு அன்றைக்கு ஜலதோஷம் வேறு. தட்டு வந்ததிலிருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒரு தடவை நான்தான் என்று சத்தியம் செய்யலாம்போல் இருக்கும், அடுத்த தடவை அது அப்பட்டமாக லூனெட். சொந்தக் குரல் தெரியாதா என்று சிரிக்கலாம். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

“அம்மா, அது நானான்னு எனக்கே தெரியலம்மா.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீ உள்ள இருந்து கேக்கறவ. நான் நீ பொறந்து அழுததுலேருந்து வெளிய இருந்து கேக்கறேன்.” எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். “பெட்டிய எடுத்து வை. பஸ்ஸுல குளிரும், கம்பளிக் கோட்டு மறந்துடாத.”

அம்மா போகச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வார்த்தையை அவள் யாருக்குக் கொடுத்தாள்? அது என் குரல் இல்லையென்றால், லூனெட்டுக்கோ எர்னஸ்டினுக்கோ கிடைத்த ஆசீர்வாதத்தை நான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். பெட்டியைத் திறந்து வைத்தேன். அதில் ஒன்றும் வைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் டாலிவருக்குப் போன் செய்தேன். “யாரோடதுன்னு ஞாபகம் இல்லம்மா,” என்றார், ஏதோ மென்றுகொண்டே. “மூணு டேப்பையும் வெட்டி ஒட்டினேன்னு நெனைக்கிறேன். இல்ல, ஒருத்தியோடது மட்டுந்தானோ என்னமோ. வாங்கறவனே கேக்கப்போறதில்ல, நீ ஏன் போட்டுக் குழப்பிக்கற? அது ஓபலைன்ஸ், அவ்ளோதான்.” தெளிவு தேடிப் போனவளுக்கு இருந்ததும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. அம்மா உணவு மேசைக்குப் பின்னால் நின்று கீரை பரிமாறிக்கொண்டிருந்தாள். உலகப் பாட்டை ஊரறியப் புகழக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் அவளுடைய மெதுவே கூடம் முழுக்கக் கேட்கும்.

“ரெண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு. அதுல தனியா ஒரு குரல் வருது பாருங்க, அது என் வெர்டெல்.”

கோழி வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்த எர்னஸ்டினின் அம்மா வில்லி மே நிமிர்ந்தாள். “எது, மேளம் நிக்கிற எடமா? அது எங்க எர்னஸ்டின் ஆச்சே.”

“ரெண்டு பேரும் காதுல பஞ்சு வெச்சிட்டுக் கேட்டீங்களா?” என்றாள் லூனெட்டின் அம்மா ஒடெஸ்ஸா, மக்காச்சோள ரொட்டியை வெட்டிக்கொண்டே. “அது லூனெட். என் வீட்டுக்காரர் கேட்ட ஒடனே எழுந்து நின்னுட்டாரு.”

“உன் வீட்டுக்காரர் சாப்பாட்டு மணி அடிச்சாலும் எழுந்து நிப்பாரு,” என்றாள் அம்மா.

“ஈஸ்டருக்கு உன் பொண்ணு பாடினத நான் மறக்கல சிஸ்டர் யூலா. அதக் கேட்டிருந்தா எழுந்தவர் திரும்பப் போய்ப் படுத்திருப்பாரு,” என்றாள் ஒடெஸ்ஸா.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே மூன்று காக்கைகள், குஞ்சு ஒன்றே ஒன்று. நாங்கள் மூவரும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

“நீதானே?” என்று எர்னஸ்டின் என் காதில் கேட்டாள்.

“நீ இல்லையா?”

லூனெட் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “நேத்து வரைக்கும் நான்னு நெனைச்சிட்டிருந்தேன்.”

“பாடித்தான் காட்டுங்களேன்,” என்றார் பாஸ்டர். யாரோ முணுமுணுத்தார்கள், உலகப் பாட்டாச்சே என்று. பாஸ்டர் கோழிக்காலை ஆட்டினார். “வார்த்தையே இல்லாத எடத்துல உலகம் எங்கேர்ந்து வந்துச்சு? பாடுங்க பிள்ளைங்களா.”

பழைய பியானோ பக்கத்தில் போய் நின்றோம். யாரும் தொடங்கவில்லை. நான் பாடி, அது அந்தக் குரலாக வரவில்லையென்றால் என் பஸ் போய்விடும். வந்துவிட்டால், இவ்வளவு பேர் முன்னால் என் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரின் அம்மாக்களும் பொய் சொன்னதாகிவிடும். இரண்டில் எது வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. லூனெட் மூச்சை இழுத்தாள், விட்டுவிட்டாள். அடுத்து நான் இழுத்தேன், நானும் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குப் பொறுமை போயிற்று. “இதுல என்னடி வெக்கம்? இப்படித்தானே,” என்று கரண்டியும் கையுமாக அவளே தொடங்கிவிட்டாள். குரல் ஏறியது. உடைய வேண்டிய இடத்தில் கொஞ்சம் உடைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தட்டில் இருப்பது அப்படியே வருகிறது. அவள் குரல்தானே எனக்கு வந்தது, அப்படியானால் அது நான்தான்.

“இல்ல, இப்படி,” என்று வில்லி மே எடுத்தாள். அவளும் அதே இடத்தில் உடைந்தாள். ஒடெஸ்ஸா கண்ணை மூடிச் சேர்ந்துகொண்டாள். அதே ஏற்றம், அதே உடைவு, அதே மடிப்பு. இந்த மூன்று அம்மாக்களும் எங்கள் வயதில் அதே பாடகர் குழுவில், அதே வரிசையில் நின்றவர்கள்தான். சண்டையாகத் தொடங்கியது எப்போது சேர்ந்து பாடுவதாக மாறியது என்று தெரியவில்லை. கூடத்தில் கரண்டிச் சத்தம் அடங்கிவிட்டது. மறுபடி மறுபடி அந்த ஒரே இடத்தைப் பாடினார்கள்.

நூறு பேரில் என் குரலைக் கண்டுபிடிப்பவள் என் அம்மா. இங்கே மூன்றே பேர். நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் குரலைத் தேடினேன். இதுதான் அம்மா என்று பிடித்த குரல் கொஞ்சம் இடப்பக்கமிருந்து வந்தது. அங்கே ஒடெஸ்ஸா நிற்கிறாள். அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து யார் உதடு எப்போது அசைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். நான் திறக்கவில்லை. குரல் மறுபடியும் மேலே ஏற ஆரம்பித்தது.