பருத்திக்காரர்களும் உள்ளே வரட்டும்

மானூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த கூட்டுறவு நூற்பாலையை அரசு மூடப்போகிறது என்ற சேதி வந்தபோது சாலோமி அழவில்லை. அழுகிறவர்களைத் தேற்றவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. கல்யாணமான புதிதில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தவள். கணவன் இறந்த பிறகு மகள் ஜெசியை நர்சிங் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான்.

கொஞ்ச நாளில் நல்ல சேதியும் வந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நஷ்டஈடும், அரசு விடுதிகளில் மாற்று வேலையும் உண்டு. சாலோமிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு விடுதி. சங்கத் தலைவர் நேசையா லட்டு வாங்கி வந்து ஆலை வாசலிலேயே கொடுத்தார்.

சாலோமி முஃபீதாவைத் தேடிப் போனாள். அவளும் அதே பிரிவில்தான் நூல் சுற்றினாள். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவள்.

"எங்களுக்கு ஒண்ணுமில்லையாம்க்கா. ஒப்பந்தக்காரரைக் கேளுங்கன்னுட்டாவ. அவரு போனே எடுக்க மாட்டேங்காரு" என்றாள் முஃபீதா.

வாசலுக்கு வெளியே, ஆலையை நம்பிப் பருத்தி போட்ட சம்சாரிகளோடு சிவசண்முகம் நின்றிருந்தார். "விதைக்கச் சொன்னதே ஆலைதான் தாயி. இப்பம் செடி காய் பிடிச்சு நிக்கி. வெடிச்சா எங்கன கொண்டு கொட்ட? யாவாரி இப்பமே பாதி விலைக்குக் கேக்கான்."

அன்று மாலை சங்கக் கூட்டத்தில் சாலோமி எழுந்தாள். "எல்லாருக்கும் சேத்துப் பேசி முடிக்காம நாம கையெழுத்துப் போடக் கூடாது."

நேசையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கைக்கு வந்தது வாய்க்கு வராமப் போவணுமாம்மா? அவங்க பாட்டை அவங்க பேசட்டும்."

"அண்ணாச்சி, வேலைநிறுத்தத்துல நாம சம்பளமில்லாமக் கெடந்தப்பம் வண்டியில கம்பும் சோளமும் கொண்டாந்து இறக்கினது யாரு? அந்தச் சம்சாரிகதானே. இப்பம் அவிய எக்கேடும் கெடட்டும்னு போவவா?"

நேசையா கை தூக்கச் சொன்னார். அவள் பக்கம் தூக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டில் ஜெசியும் சண்டை பிடித்தாள். "வந்த வேலையை ஏம்மா எட்டி உதைக்க?"

"உதைக்கலடி. மத்தவங்களை மிதிச்சுட்டு ஏற வேண்டாம்னு பாக்கேன்" என்றாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். அந்த வாரம் முழுக்க முஃபீதாவைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சில வீடுகளில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள்.

கையெழுத்துப் போடுகிற நாளில் அதிகாரி வந்து உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது சாலோமி உள்ளே போகவில்லை. வாசலில் பருத்திக்காரர்களோடும் ஒப்பந்தப் பெண்களோடும் தரையில் உட்கார்ந்தாள். அடுத்த பெயருக்குரியவள் தயங்கி நின்று, பிறகு அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. நூல் சுற்றும் பிரிவே வெயிலில் இருந்தது. கடைசியில் நேசையாவும் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். "இம்புட்டுப் பேரை வெளிய விட்டுட்டு நான் மட்டும் உள்ள இருந்து என்ன செய்ய?"

அதிகாரி எழுந்து வந்தார். "இது தொழிலாளர் பேச்சுவார்த்தை. விவசாயிகளுக்கு இதில் இடமில்லையே?"

"ஆலை ஓட அவிய வேணும், மூடுததுக்கு மட்டும் வேண்டாமா சார்? பருத்திக்காரங்களும் உள்ள வரட்டும். பொறவு கையெழுத்தைப் பத்திப் பேசுவோம்."

அவர் மேலிடத்துக்குப் போன் செய்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களும் கலையவில்லை, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவழியாகச் சிவசண்முகத்துக்கும் முஃபீதாவுக்கும் பேச்சுவார்த்தையில் நாற்காலி போடப்பட்டது.

ஆலையை மூடத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பருவத்துப் பருத்தியை ஆலை முன்பு பேசிய விலைக்கே அரசு எடுத்துக்கொண்டது. பருத்தியைக் கொட்டை நீக்கிப் பஞ்சாக்கும் ஆலையின் கொட்டகை விவசாயிகள் சங்கத்துக்கு வந்தது. ஒப்பந்தப் பெண்களுக்கும் வேலை பார்த்த வருஷங்களுக்கேற்ற நஷ்டஈடு கிடைத்தது. மாற்று வேலை மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்து தாமதமானதில் சாலோமிக்கும் பாளையங்கோட்டை விடுதி கைநழுவி, ராதாபுரம் பக்கம் தூரத்து விடுதி வாய்த்தது. இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

முஃபீதா இப்போது பஞ்சுக் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். மாற்று வேலைக் கோரிக்கையை அவர்கள் விடவில்லை. குறைதீர் கூட்டத்துக்கு ஒப்பந்தப் பெண்கள் கிளம்புகிற திங்கட்கிழமைகளில் சாலோமி விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவர்களுக்கு முன்பே வந்து நிற்கிறாள்.