ஏழு நிரை, ஏழு பேர்

நோட்டீஸ் ஒட்டிய பசை காய்வதற்குள் ஃபீல்டு ஆபீசர் யக்ஞநாராயணன் அதை மூன்று தடவை படித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஒரு சுற்றுப் பெருமை கூடியது. சுருளியம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பார்த்து நின்றாள். மாப்பிள்ளை கண்ணாடி பார்ப்பதுகூட இவ்வளவு அழகாக இருக்காது.

ஆண்டு 1974. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்; காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம். சுருளியம்மாளோடு சேர்த்து, ஆறு வருஷமாக டெம்பரவரியாகக் கொழுந்து பறிக்கும் ஏழு பெண்கள் அங்கே நின்றார்கள். செக்ரோல் என்கிற ஆள் பேரேட்டில் பேர் பதிந்தால் வேலை நிரந்தரம்; லயத்தில் வீடு, ஆஸ்பத்திரி, லீவு. பதியாவிட்டால் மழை பிடித்ததும் ‘நாளைக்கு வராதே.’

பதிவதற்குப் பறித்த கொழுந்தில் எடை காட்ட வேண்டும். அங்கேதான் சண்டை. ஓடையோரத்துச் செடி நிரையில் கை வைத்தால் கொழுந்து. மேட்டு நிரையில் கல்லும் அட்டையும்.

“சண்டையே வேண்டாம்,” என்றார் யக்ஞநாராயணன். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். “ஏழு பேரும் ஏழு நிரையில் எத்தனை விதமா மாறி நிக்க முடியுமோ, அத்தனை விதமும் நின்னு முடிக்கணும். நாளுக்கு ஒரு விதம். அப்புறம் சராசரி எடை, அப்புறம்தான் பதிவு. ஏழேழு நாப்பத்தொம்பது நாள். மனசிலாச்சோ? நான் மேத்தமேடிக்ஸ் பி.ஏ.வாக்கும்.”

“நாப்பத்தொம்பதுன்னு எந்த மகராசன் சொன்னான்?” என்றாள் சுருளியம்மாள்.

மூக்கம்மாள் அவள் முந்தானையை இழுத்தாள். “ஏட்டி, வாயைக் கட்டு. பேரை வெட்டிருவாரு.”

“பதிஞ்சாத்தானே வெட்டுறதுக்கு? இங்க வா. பிலோமி, நீயும் வா.”

தரையில் மூன்று கோடு கிழித்து, மூன்று பேரும் கோட்டுக்கு ஒருத்தியாக நின்றார்கள். சுருளியம்மாள் இடம் மாற்றி மாற்றி நிறுத்தினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரையில் ஒரு கொழுந்து. ஆறு கொழுந்து விழுந்தது. ஏழாவதாக எப்படி நின்றாலும் ஏற்கெனவே நின்ற மாதிரியே இருந்தது.

“சார்வாள் கணக்குல மும்மூணு ஒம்பது வரணுமே. மிச்சம் மூணு எங்க? கல்பாத்தித் தேரோட போயிருச்சா?”

யக்ஞநாராயணன் தரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “குறைச்சலாத்தானே வரது! உங்களுக்கு லாபமாக்கும். நாப்பத்தொம்பதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும்.”

சுருளியம்மாளுக்கு ஒரு கணம் இரக்கமே வந்துவிட்டது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற ஆளை யாரும் தள்ள வேண்டியதே இல்லை. இவர் தானே குதிக்கிறார்.

“ரோசி, நாலாவதா வா. முதல் நிரைக்கு நாலு பேர்ல ஒருத்தி. அவ யாரா இருந்தாலும் மிச்ச மூணு பேரு ஆறு விதமா நிப்பாக. நாலாறு?”

“இருவத்திநாலு,” என்றாள் ரோசி.

“சார் கணக்குல பதினாறு. இப்ப ஏறிப்போச்சு. அஞ்சு பேருன்னா அந்த இருவத்திநாலை அஞ்சால பெருக்கு, நூத்தியிருவது. ஆறு பேருன்னா எழுநூத்தியிருவது. ஏழு பேருக்கு, சார், நீங்களே பெருக்குங்க. பி.ஏ. ஆச்சே.”

அவர் பையிலிருந்து பென்சில் எடுத்தார். நோட்டீஸின் ஓரத்திலேயே எழுதினார். எழுதியதை விரலால் மறைத்துக்கொண்டார்.

“மறைக்காதீக. அஞ்சாயிரத்து நாப்பது. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலைன்னா பதினாறு வருஷம் தாண்டும். எனக்கு இப்ப நாப்பத்தொண்ணு. அம்பத்தெட்டுல வீட்டுக்கு அனுப்புவீக. பேர் பதிஞ்ச கையோட சீட்டைக் கிழிக்கலாம், இல்லையா சார்?”

கீழே வளைவில் தோட்ட மேனேஜர் பெரிய தொரையின் ஜீப் உறுமியது. யக்ஞநாராயணன் நெற்றியில் வியர்வை. தொரையே கையெழுத்துப் போட்ட நோட்டீஸ்.

“என்ன... என்ன செய்யலாம்?” குரல் பாதியாக இறங்கிவிட்டது.

“எல்லாரும் எல்லா நிரையிலும் ஒரு நாள் நிக்கணும், அவ்வளவுதானே? இன்னைக்கு முதல் நிரையில நிக்கிறவ நாளைக்கு ரெண்டாவது. கடைசி நிரைக்காரி முதலுக்கு வருவா. ஏழே நாள். இதுக்குப் படிப்பு வேற!”

அவர் நோட்டீஸில் அந்த வரியை அடித்து ‘ஆளுக்குத் தினம் ஒரு நிரை, ஏழு நாட்கள்’ என்று எழுதினார். ஜீப் வந்து நின்றது. தொரை எட்டிப் பார்த்தார்.

“சுலபமாக்கிவிட்டேன் சார், யோசித்துப் பார்த்ததில்,” என்றார் யக்ஞநாராயணன் இங்கிலீஷில், தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி.

“குட்,” என்று தொரை திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனார்.

பிலோமிக்குப் பொறுக்கவில்லை. “யக்கா, உன் கணக்கை அவரு கணக்குங்காரே!”

“பிச்சை போட்டதைத் திருப்பிக் கேப்பாகளாடி?”

ஏழு நாளும் மழை இல்லை. ஓடையோரத்தில் குவிந்தது மேட்டில் குறைந்ததைச் சரிக்கட்டியது. ஏழு பேருக்கும் சராசரி தேறிவிட்டது. எட்டாம் நாள் காலையில் யக்ஞநாராயணன் செக்ரோலில் பெயர்களை ஏற்றினார். சுருளியம்மாள் மேஜையை ஒட்டி நின்று, ஒவ்வொரு பெயராகப் பேனாவைத் தொடர்ந்தாள்.

“என்ன, என் மேல நம்பிக்கை இல்லையோ?”

“அதெல்லாம் இல்ல சார். ஏழு வரைக்கும் ஒழுங்கா எண்ணுதீகளான்னு பாத்தேன்.”