முதுகுக்குப் பின்னால் கடல்

உமாமகேஸ்வரிக்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. பல்லி விழுந்தால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு இருட்டக்கூட வேண்டாம், பட்டப்பகலே போதும். அப்படிப்பட்டவளைத்தான் காரைக்கால் பக்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்து நடத்திய உயிர்காப்புப் பயிற்சிக்கு மகளிர் குழுவிலிருந்து அனுப்பிவைத்தார்கள். ஒரு பெயர் குறைந்தது, கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் இவள். வேறு தகுதி ஒன்றும் இல்லை.

பயிற்சி ஊர்க்குளத்தில் நடந்தது. சொல்லிக்கொடுத்த ஞானசௌந்தரி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நீந்தத் தெரியாதவளும் ஆளைக் காப்பாற்றலாம் என்றார். காலி எண்ணெய் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கைப்பிடியில் நைலான் கயிற்றைக் கட்டி வீச வேண்டும். முங்குகிறவனுக்குப் பின்னால் போய் கேன் விழுந்தால்தான் கயிறு அவன் தோள்மேல் கிடக்கும். என்ன ஆனாலும் தண்ணீரில் இறங்கக் கூடாது, இறங்கினால் ஒரு பிணத்துக்கு இரண்டு பிணமாக எடுக்க வேண்டிவரும் என்றார். உமா வீசிய கேன் ஒருமுறை தன் காலடியிலேயே விழுந்தது, ஒருமுறை கரையில் மேய்ந்த ஆட்டின்மேல் விழுந்தது. குளமே சிரித்தது.

ஆனால் ஞானசௌந்தரி சொன்ன ஒன்று மட்டும் அவளுக்குள் முள்ளாக ஏறிக்கொண்டது. "முங்குறவன் கத்த மாட்டான்மா. கத்த அவனுக்கு மூச்சு இருக்காது. சத்தமே இல்லாம போயிடுவான். அதனால தண்ணியில ஆள் இருக்கிற வரைக்கும் அவன் மேலேருந்து கண்ணை எடுக்காதீங்க." அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குத் தெரியாத பயம் போய்த் தெரிந்த பயம் வந்தது. தெரிந்த பயம் பொல்லாதது.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தபோது மாமனார் குஞ்சிதபாதம் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு என்று ஊர் சொன்னது. மறுநாள் பால் தெளித்துச் சாம்பலை மண் கலயத்தில் எடுத்துத் துணி கட்டினார்கள். காரைக்கால் கடற்கரையில், அரசலாறு கடலில் விழுகிற இடத்தில் கரைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். கொள்ளி வைத்தவன் ஒரே மகன் சிவக்குமார், உமாவின் கணவன். மின்துறையில் வேலை. கம்பத்தில் ஏறச் சொன்னால் ஏறுவான். தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர்தான் பழக்கம்.

மழையில் ஆறு நிரம்பி ஓடுகிறது, அதன் வாயில் போய் இவன் நிற்கப்போகிறான். உமாவுக்கு இரவெல்லாம் கண் மூடவில்லை. விடிந்ததும் தானும் வருவதாகச் சொன்னாள். சாம்பல் கரைக்கப் பெண்கள் போவதில்லை. மாமனாரின் தம்பி செல்லையன் முகம் சுளித்தார். உமா அழத் தொடங்கினாள். அழுகிற பெண்ணோடு வாதாட நேரமில்லாமல், வேனிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டார்கள். மாமியார் நீலாயதாட்சி, கணவர் உயிர் போன நேரத்திலிருந்தே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உமாவின் கட்டைப்பையில் மாற்று வேட்டிக்கு அடியில் எண்ணெய் கேனும் கயிறும் இருந்தது யாருக்கும் தெரியாது.

கடற்கரையில் ஈ காக்கை இல்லை. நகராட்சி மீட்புக்காரர்கள் கூட்டம் வருகிற சாயங்காலத்தில்தான் வருவார்கள். கம்பத்தில் சிவப்புக் கொடி மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் காவி நிறத்தில் கடலுக்குள் வெகுதூரம் பாய்ந்துகொண்டிருந்தது. உமா கொடியைக் காட்டினாள். செல்லையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொடி குளிக்கிறவனுக்கு. நாம கருமத்துக்கு வந்துருக்கோம்" என்றார்.

பிறகு சிவக்குமாரிடம் முறையைச் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலயத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பின்பக்கமாக விட வேண்டும். மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேற வேண்டும். விட்டதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. கூட வந்தவர்களும் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனவர் போக மனமில்லாமல் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார், வந்தால் தனியாகத் திரும்பிப் போக மாட்டார். இது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

வேனில் உட்கார்ந்திருந்த உமாவுக்கும் அது கேட்டது. கடலுக்கு முதுகைக் காட்டாதே என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம். இங்கே முதுகைக் காட்டுவதே சடங்கு. அவள் பையை எடுத்துக்கொண்டு வேனைவிட்டு இறங்கி, மணலில் பாதி தூரம் போய் நின்றாள்.

சிவக்குமார் இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. திரும்பிக் கரையைப் பார்த்து நின்றான். அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் வெளுத்திருந்தது. கலயம் அவன் தலைக்குமேல் போனது, பின்னால் விழுந்தது. உடனே கரையில் நின்ற ஆண்கள் எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டித் தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினார்கள். உமாவைக் கடந்தபோது செல்லையன், "திரும்பு. நட" என்றார்.

உமா திரும்பினாள். நடந்தாள். வளர்ந்த விதம் அப்படி.

சில அடி நடந்திருப்பாள். பின்னால் அலைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. முழுக்குப் போடுகிறவன் எழும்போது தண்ணீர் சிதறும் சத்தம் கேட்க வேண்டாமா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தமே இல்லாம போயிடுவான் என்று ஞானசௌந்தரியின் குரல்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தால் செத்தவர் கூட வருவார். பார்க்காவிட்டால் இருப்பவன் போய்விடுவான். அவள் வீரத்தால் திரும்பவில்லை. இரண்டு பயத்தில் எது பெரியதோ அது அவள் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது.

நின்ற இடத்தில் அவன் இல்லை. ஆற்று இழுப்பில் தள்ளிப்போய், காவித் தண்ணீரின் நடுவில் ஒரு தலை தெரிந்தது. முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. வாய் தண்ணீருக்கு மேலே வந்தது, உள்ளே போனது. கைகள் இரண்டும் தெரியாத ஏணியில் ஏறுவதுபோல் தண்ணீரை அமுக்கின. சத்தம் இல்லை.

உமா அலறினாள். தொண்டை கிழிய அலறினாள். முன்னால் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. குனிந்த தலையோடு நடையை எட்டிப் போட்டார்கள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. மாமனாருக்காக மருமகள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். சாவு வீட்டுப் பெண் அழாமல் என்ன செய்வாள்?

அவள் தண்ணீரை நோக்கி ஓடினாள். பாதம் நனைந்ததும் நின்றாள். இறங்காதே. உடம்பு முழுக்க இறங்கு இறங்கு என்றது, அவள் நின்றாள். பையிலிருந்து கேனை எடுத்து வீசினாள். கயிறு தன் காலுக்கடியிலேயே மிதிபட்டிருந்தது. கேன் முக்கால் தூரம்கூடப் போகாமல் விழுந்தது. கயிற்றை இழுத்தாள். நனைந்த கயிறு கனத்தது. அவன் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தான். இந்த முறை தவறினால் அடுத்த முறைக்குக் கயிறு எட்டாது. அப்பா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் வாய் முணுமுணுத்தது. எந்த அப்பாவைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

கேன் பறந்துபோய் அவன் தலையைத் தாண்டி விழுந்தது. ஆனால் கயிற்றை அலை ஒதுக்கிவிட்டது. கேன் அவன் முதுகுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் மிதந்தது. திரும்பினால் பிடித்துவிடலாம்.

"பின்னால இருக்குங்க! திரும்புங்க!"

அவன் கேட்டான். கேட்டது அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் கண் அவள்மேல் வந்து நின்றது. அவன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று ஆட்டினான். மூச்சு முட்டிச் சாகப்போகிற நேரத்திலும் அந்த மனிதன் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறான். உமாவுக்கு வாழ்க்கையில் அதுபோல ஒரு பயமும் வந்ததில்லை, அதுபோல ஒரு கோபமும் வந்ததில்லை.

"சிவா! திரும்புடா!"

கல்யாணமான நாள்முதல் 'என்னங்க' தவிர வேறு பெயரிட்டு அவள் அவனைக் கூப்பிட்டதில்லை. ஒரு அலை எழுந்து அவனை மூடியது. அலை போனது. தலையைக் காணவில்லை. கயிறு மட்டும் அவள் கையில் வெடுக்கென்று இழுத்தது.

அவள் மணலில் உட்கார்ந்து குதிகாலை ஊன்றி இழுத்தாள். உள்ளங்கை உரிந்தது. யாரோ பின்னாலிருந்து ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். வேன் டிரைவர். அவர் உறவுக்காரர் இல்லை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் தங்களைத் தாண்டி ஓடியதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் உறைத்தது. கேனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்த சிவக்குமாரைக் கரையில் இழுத்துப்போட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தண்ணீராகக் கக்கினான். பிறகு இருமினான். அந்த இருமல் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உமா பிடித்திருந்த கயிற்றை விட்டாள்.

வழியில் ஆஸ்பத்திரியில் காட்டி, நுரையீரலில் தண்ணீர் இல்லை என்று சொன்ன பிறகு ஊருக்குத் திரும்பினார்கள். வேனில் செல்லையன்தான் பேச்சைத் தொடங்கினார். அண்ணன்தான் மகனைக் கூப்பிட்டிருக்கிறார், திரும்பிப் பார்த்ததால் இப்போது வேனிலேயே வருகிறாரோ என்னவோ, அண்ணி கேட்டால் உமாவே பதில் சொல்லட்டும் என்றார். சொன்னவர் குரலும் நடுங்கியது. சிவக்குமார் உமாவின் காதருகே வந்து, "நானும் திரும்பிட்டேனே" என்றான். அவன் பல் கிடுகிடுத்தது. உமா பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறை தைரியம் இல்லை.

வீட்டு வாசலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போனபோது செல்லையன் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். கூடத்தில் இருந்த பெண்கள் உமாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். நீலாயதாட்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மகனை அருகே கூப்பிட்டு அவன் ஈரத் தலையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், போய்ப் படுக்கச் சொன்னாள். பிறகு உமாவைப் பார்த்தாள். இனி இந்த வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் தன் பெயர்தான் சொல்லப்படும் என்று உமா நினைத்தாள்.

"நீதான் திரும்பிப் பார்த்தியா?"

"ஆமாங்க அத்தை."

நீலாயதாட்சி அவள் உரிந்த கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"உன் மாமனாருக்கு முழங்கால் தண்ணின்னாலே ஆகாது. குளத்துலகூட படியில உக்காந்து சொம்புல மொண்டுதான் ஊத்திக்குவாரு. அவ்வளவு பெரிய தண்ணியில கொண்டுபோய் விட்டுட்டு, ஒருத்தரும் பாக்காம வந்துருப்பாங்களேன்னுதான் கெடந்தேன். நீ பார்த்தியே. பயந்தாராம்மா?"

"இல்லைங்க அத்தை" என்றாள் உமா. "பயந்ததெல்லாம் நாங்கதான்."