முடிச்சூர் படகுக்கு ஒரு பம்ப்

1

இந்தக் கதை எனக்கு மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில், ஒரு மோட்டார்க் கடைக் கல்லாவுக்கு முன்னால் கிடைத்தது. நான் போனது என் வீட்டு மேல்தொட்டிக்கு, நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் வாங்க. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றார். தோளில் ஆபீஸ் பை, கையில் ஹெல்மெட்.

"தானா ஆன் ஆகி, தானா தண்ணிய வெளியேத்துற பம்ப் வேணும்" என்றார்.

"எத்தனை மாடி மேடம்?" என்றார் கடைக்காரர்.

"மாடி இல்ல சார். படகு."

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் வெட்கப்படவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. "இல்லீங்களே" என்ற பதில் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் நான் கட்டியது. பெயர்கூடத் தெரியாததால் ஜெயஸ்ரீ என்று வைத்திருக்கிறேன். பெயர் வைத்த உரிமையில் இனிமேல் 'அவள்'.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"வானம் கறுத்திருந்தது. ஜெயஸ்ரீயின் மனமும் அதைப் போலவே—" வேண்டாம். வானத்தை வைத்து ஆரம்பிக்கிறவனை நம்பாதே என்பது என் கட்சி.

"பில்ஜ் என்பது படகின் அடிவயிறு. உள்ளே வரும் தண்ணீரெல்லாம் அங்கேதான் சேரும். அதை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் இரு வகைப்படும். முதலாவது—" இது பாலிடெக்னிக் பாடம்.

"எதிர்வீட்டு பாலாம்பாள் மாமியை அடுத்த மழையில் டயாலிசிஸுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் ஜெயஸ்ரீயின் கவலை." இதில் அழகு கிடையாது, ஆனால் விஷயம் இருக்கிறது. இதுவே நிற்கட்டும்.

முடிச்சூர் பக்கம் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் குமரன் அவென்யூ. போன மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் போகவேண்டிய மாமி வீட்டிலேயே கிடந்தார். முதலில் கால் வீங்கியது, அப்புறம் முகம். மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்த பிறகுதான் மீட்புப் படகு வந்தது. "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா" என்று டாக்டர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை ஜெயஸ்ரீ தினமும் கிண்டி ஆபீசுக்கும் வீட்டுக்குமாக மின்சார ரயிலில் சுமந்துகொண்டிருந்தாள்.

[ஓர் எதிர்வீட்டுக்காரிக்கு இவ்வளவு அக்கறை எதற்கு? நம்பும்படி இருக்கவேண்டுமே என்று முதல் பிரதியில் அவளுக்கு ஒரு செத்துப்போன அம்மாவைக் கொடுத்தேன், அடுத்ததில் ஒரு குற்ற உணர்ச்சியை. இரண்டையும் பிடுங்கிவிட்டேன். எதிர்வீடு. காரணம் இது போதாதா?]

3

குடியிருப்போர் நலச்சங்கத்தில் மல்லுக்கு நின்று அவள் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கவைத்தாள். விற்றவர் கோவளத்து மீனவர் தாமோதரன். படகைக் காலி மனையில் இறக்கிவிட்டு அவர் போன வாரமே ஒரு கோடை மழை வந்து, படகு தொட்டியாகிவிட்டது. உள்ளே கொசுப்புழு நீந்தியது.

ஜெயஸ்ரீ போன் போட்டாள். "அண்ணா, உங்க போட்டுக்கெல்லாம் என்ன பம்ப் வைப்பீங்க?"

"பம்ப்பா? இன்னா மேடம் நீ! தண்ணி பூந்துச்சுன்னா கேன வெட்டி மொண்டு ஊத்திகினே போவோம். எங்க போட்டுல ஆளு கீறான். உன்து ஆளில்லாத நின்னுகினு கீது. அப்ப வேணும்தான். நல்லதா கெடச்சா எனக்கும் சொல்லு."

(படகைக் கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும் எட்டு வாலிபர்கள் வேண்டும். குமரன் அவென்யூவின் வாலிபர்கள் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள்.)

ஆக, மழை பெய்யும்போது யாரும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஏறியதும் மிதவை எழும்பி, சுவிட்சைத் தட்டி, பம்பை ஓடவிட வேண்டும். எந்தப் பம்ப், எந்த சுவிட்ச்? வாட்ஸாப் குழுவில் ஆளுக்கொரு லிங்க் போட்டார்கள். காசு அதிகமானால் தரம் அதிகம் என்றார் ஒருவர். நட்சத்திரத்தைப் பார் என்றார் இன்னொருவர்.

ஜெயஸ்ரீ ரயிலில் உட்கார்ந்து விமர்சனங்களைப் படித்தாள். போகப்போக ஒன்று பிடிபட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எல்லாம் பார்சலைப் பிரித்த அன்றே கொடுத்தவர்கள். ஒற்றை நட்சத்திரக்காரன்தான் படகு முழுகியதைக் கண்ணால் பார்த்தவன். அவன் புலம்பலைத்தான் படிக்கவேண்டும். உலகத்தின் எந்தெந்தப் படகுத்துறையிலோ முழுகிய அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: பம்ப் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது, சுவிட்ச்தான் கைவிடும். மிதவைக்கடியில் ஓர் இலை சிக்கினால் போதும். மனையில் நிற்பதோ புங்கமரம், உதிர்த்துத் தள்ளும்.

முடிவாக, அடியில் ஒரு சின்ன பம்ப், அதற்கு மேலே ஒரு பெரிய பம்ப், இரண்டுக்கும் தனித்தனி மிதவை, இலை புகாத கூண்டு, எல்லாம் கைவிட்டால் கையால் போட ஒரு சுவிட்ச். ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று தீர்மானித்தாள்.

4

பார்சல் வந்த அன்று மாமி வாசலுக்கு வந்து பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னடி பண்ணும்?"

"படகுக்குள்ள சேர்ற தண்ணிய வெளிய தள்ளும் மாமி."

"அப்போ எனக்கும் அதுக்கும் ஒரே வியாதின்னு சொல்லு. உள்ளே வந்த ஜலம் தானா வெளியே போகாது." மாமி சிரித்தார். "என்னை ஏத்திண்டு போற படகுக்கே டயாலிசிஸா! நன்னாருக்கு."

[இந்த உவமையை நான் பல நாள் தேடிக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமல் மாமி சொல்லிவிட்டார். வயிற்றெரிச்சல்தான்.]

5

மாட்டியவர் சக்திவேல், காலனியின் எலக்ட்ரீஷியன். அங்குள்ள மேல்தொட்டி மிதவை அத்தனையும் அவர் கைபட்டது. ஐப்பசி பிறப்பதற்குள் சோதித்துவிட வேண்டும் என்று ஜெயஸ்ரீ ஒற்றைக்காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை காலனியே மனையில் கூடியது. மாமியின் கணவர் யக்ஞநாராயணன் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் நின்றார்.

பேட்டரியை இணைத்ததும் பம்ப் 'கர்ர்' என்று ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். குழாயைப் போட்டுப் படகில் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் ஏறியது, மிதவை எழும்பியது, பம்ப் நின்றுவிட்டது. இரண்டாவது பம்பும் அதே லட்சணம்.

கைதட்டல் மெல்ல அடங்கியது.

"சக்திவேல், ஏன் நின்னுடுச்சு?"

"தண்ணி ரொம்பிடுச்சே மேடம். ரொம்புனா நிக்கணும்ல?" என்றவர் தன் வாயாலேயே சொன்னதைக் கேட்டுத் திகைத்து நின்றார். "ஐயோ. இது காலி பண்ற கேஸா! வயர மாத்தி எடுத்துட்டேன் மேடம். கை பழக்கம்."

அவரை என்ன சொல்வது? பத்து மாதம் லாரித் தண்ணீருக்குப் போன் போட்டுவிட்டு, மீதி நாளில் வெள்ளத்துக்குப் பயந்து கட்டில் காலுக்கடியில் செங்கல் வைக்கிற ஊர் இது. தொட்டியை நிரப்பத்தான் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சிரித்தது, ஜெயஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. இது மழை நாளாக இருந்தால், படகில் மாமி இருந்திருந்தால் என்று நினைத்ததும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

(உண்மையைச் சொல்கிறேன். வெள்ளத்தன்று நடுத்தெருவில்தான் இந்தத் தப்பு தெரியவர வேண்டும் என்று முதலில் திட்டமிட்டிருந்தேன். அப்படி எழுதினால் 'கனமான கதை' என்று பெயர் கிடைக்கும். அந்தப் பக்கத்தை ஆரம்பித்தும் விட்டேன்: "தண்ணீர் மாமியின் கணுக்காலைத் தொட்டபோது—" அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மாமி எனக்கு எதிர்வீடு இல்லைதான். ஆனாலும் மனசு வரவில்லை. எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்.)

சக்திவேல் வயரை மாற்றினார். இந்தத் தடவை பேட்டரியை இணைத்தபோது ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் ஏறியது. மிதவை தலையைத் தூக்கியது. சட்டென்று வெளிக்குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து யக்ஞநாராயணன் மாமாவின் வேட்டியை நனைத்தது. மாமா நகரவே இல்லை. முழங்கால்வரை நனைந்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடட்டும், ஓடட்டும்" என்றார்.

6

இனி முடிவு.

ஒன்று: அந்த வருஷம் வெள்ளமே வரவில்லை. படகில் மண்ணை நிரப்பிக் கத்தரி போடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்கிறார். நடக்கக்கூடியதுதான். ஆனால் வராத வெள்ளத்தை நம்பி நான் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

இரண்டு: வெள்ளம் வருகிறது, எல்லாம் சரியாக நடக்கிறது, டிவிக்காரர்கள் ஜெயஸ்ரீயின் முன் மைக்கை நீட்டுகிறார்கள், அவள்— சீ.

மூன்று: கார்த்திகை. விடாத மழை. தெருத் தண்ணீர் வாசல் முதல் படியைத் தாண்டிவிட்டது. இன்று மாமியின் டயாலிசிஸ் நாள். சக்திவேலும் ஜெயஸ்ரீயும் படகை மாமி வீட்டு கேட்டில் கட்டியிருக்கிறார்கள். மழை படகுக்குள்ளும் விழுகிறது. பம்ப் இன்னும் மௌனமாகத்தான் இருக்கிறது, மிதவை எழும்பும் அளவுக்குத் தண்ணீர் சேரவில்லை.

"அஞ்சு நிமிஷம் இருங்க மாமி. அது தானா ஓடுதான்னு பார்த்துட்டு ஏறலாம்" என்கிறாள் ஜெயஸ்ரீ.

"அது ஓடறப்போ ஓடட்டும். ஓடலேன்னா என்ன, நீ இருக்கியோல்லியோ?"

சொல்லிக்கொண்டே மாமி புடவையைத் தூக்கிச் செருகி, படகில் கால் வைத்துவிட்டார். ஜெயஸ்ரீக்குப் பயம் போய்விட்டது.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். பம்ப் ஓடியதா இல்லையா என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். மாமியே கேட்கவில்லை, உங்களுக்கென்ன அவசரம்? படகைத் தள்ளுகிற மூங்கில் இந்தாருங்கள், பிடியுங்கள். முடிச்சூர் ரோட்டு மேட்டில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகவேண்டாம், வலப்புறமாகவே தள்ளிக்கொண்டு போங்கள். போய்ச் சேர்ந்து மாமியை இறக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அது டயாலிசிஸ் ஊசி ஏறுகிற கை.