ஸ்கேல் விழுவதற்கு முன்

எங்கள் வீட்டு நண்டுக்கு வயது பதிமூன்று. என் அண்ணன் மகள். கைக்குழந்தையாக இருந்தபோது ஓரிடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்ததால் வந்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிட்டால் முறைக்கிறாள். முறைத்தால்தான் அசல் நண்டாக இருக்கிறாள் என்பதை அவளிடம் யார் சொல்வது.

பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. அறிவியல் சோதனை ஒன்றை மாணவர்களே வடிவமைத்து, நடத்தி, விளக்க வேண்டும். "விடை என்னன்னு யாரும் பெருசா பாக்க மாட்டாங்க அத்தை. கேள்விய எப்படிக் கேட்டோம், எங்க ஏமாந்திருப்போம், அதைத்தான் பாப்பாங்க" என்றாள். என் காலத்தில் அப்படி ஒரு போட்டி இருந்திருந்தால், ஏமாந்த வகையில் முதல் பரிசு எனக்குத்தான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நம் கை மெதுவாகுமா? இதுதான் அவள் எடுத்த கேள்வி. ஒரு ஸ்கேலின் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடுவாள். கீழ்முனையில் நாம் இரண்டு விரலைத் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் விடுவாள். விழுகிற ஸ்கேலை எந்த எண்ணில் பிடிக்கிறோம் என்பது கணக்கு. எண் சின்னதாக இருந்தால் கை வேகம்.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அவர் பிடிப்பதற்குள் ஸ்கேல் தரையில் கிடந்தது. "இவர் லாரிக்கு முன்னால யாரும் போயிடாதீங்க" என்றேன். கீழ்வீட்டு டெய்லர் பதினெட்டில் பிடித்தார். நான் நாலில் பிடித்தேன்.

பாட்டு ஓடினாலும் நாலு, ஓடாவிட்டாலும் நாலு. நண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மனுஷக் கையால இது முடியாது. நீ ஏமாத்தறே."

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு அட்டையை நிறுத்திவிட்டு ஸ்கேலை விட்டாள். பத்தொன்பது.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. விடுவதற்கு ஒரு கணம் முன்னால் அவள் மூக்கு லேசாக விடைக்கும். பொய் சொல்வதற்கு முன்பும், அழுவதற்கு முன்பும் அப்படித்தான். நான் அதைப் பார்ப்பதாக எனக்கே தெரியாது. கைக்குத் தெரிந்திருக்கிறது.

"அவ பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறவ. யார் முகத்தையும் படிச்சிடுவா" என்றார் அண்ணன். உண்மைதான். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, தினமும் இரண்டு வேளை பல் துலக்குவதாகச் சொல்லும் எத்தனையோ முகங்களைப் பார்த்தவள் நான். நண்டு அதையும் விடவில்லை. ஸ்கேலை டெய்லர் கையில் கொடுத்து எனக்குப் போடச் சொன்னாள். பதினேழு. ஆக, எனக்குத் தெரிந்தது ஊரார் முகம் இல்லை, இவள் முகம் மட்டும்.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நண்டுக்கும்தான். பாட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேள்வியையே மாற்றினாள். ஒருவரோடு பழகியவர்களுக்கு அவர் செய்யப்போவது முன்கூட்டியே தெரியுமா? தோழிகள் வந்து பிடித்தார்கள், அறிவியல் டீச்சர் பிடித்தார். கடைசியாக அண்ணி வந்தாள், நண்டின் அம்மா.

அண்ணிக்கு ஏழு வருடம் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் ஒரு மாதம் வருவாள், போவாள். இப்போதுதான் ஒரேயடியாக வந்திருக்கிறாள். மகளிடம் "சாப்பிடறியா?" என்று கேட்டுவிட்டு, சரியாகக் கேட்டோமா என்பதுபோல என் முகத்தைப் பார்ப்பாள். நண்டும் அம்மாவை "நீங்க" என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு ஒருநாளும் கிடைக்காத மரியாதை.

கையைத் துடைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்தாள். பத்தொன்பது. மறுபடியும் பத்தொன்பது. அடுத்தது இருபது. எண்ணை எழுதிய பிறகுதான் நண்டு தான் எழுதியதைப் பார்த்தாள். டெய்லருக்கும் கீழே அம்மா இருந்தாள்.

"அம்மா, உங்கள இதுலேர்ந்து எடுத்துடறேன். இவ்வளவு பேர் தேவையில்ல."

"எடுக்காதே" என்றாள் அண்ணி. "வந்தத எழுது. பிடிக்காதத எடுத்துட்டா அப்புறம் அது என்ன சோதனை?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு உள்ளே போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போனேன். "அண்ணி, இது பெரிய வித்தையே இல்ல. விடறதுக்கு முன்னால அவ..."

ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். "சொல்லாதே."

"நமக்குள்ளதானே?"

"நீ சொல்லிப் பிடிச்சா அது உன்னோட நாலு. என்னோடது இல்ல." குழாயை மூடினாள். "இத்தனை வருஷமும் போன்லதான அவ முகத்தப் பாத்தேன். நடுக்கடல்ல படம் நின்னு நின்னு வரும். அவ சிரிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு அந்தச் சிரிப்பு வந்து சேரும். இப்ப பக்கத்துலயே இருக்கா. இன்னும் லேட்டாத்தான் வந்து சேர்றா."

எனக்கு அழுகை முட்டியது. நான் அழுதால் அண்ணி என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன். என் நாலை அவளுக்குத் தூக்கிக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் முழு மனதோடு கொடுத்திருப்பேனா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது, படிக்கும்போது, தலை வாரும்போது. "என்னம்மா, முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?" என்று நண்டு கன்னத்தைத் துடைத்துக்கொண்டதுதான் மிச்சம். ஸ்கேல் பத்தொன்பதை விட்டு இறங்கவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் நண்டு கூடத்தில் நின்று பேசிப் பழகினாள். "யாராவது உக்காருங்க, செஞ்சு காட்டணும்" என்றாள். அண்ணிதான் உட்கார்ந்தாள். முதல் தடவை இருபது. அதோடு தலையைக் குனிந்துகொண்டாள். மனசு விட்டுப்போச்சு என்று நினைத்தேன். போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் நண்டு மறுபடி விட்டாள். ஸ்கேல் விழவே இல்லை போலிருந்தது. அண்ணி விரல் மூன்றில் இருந்தது.

"சும்மா அமைஞ்சிருக்கும்" என்றாள் நண்டு. மறுபடி விட்டாள். மூன்று. முகத்துக்கு நடுவே அட்டையை வைத்தாள். அப்போதும் மூன்று. நண்டு தன் கையைப் பார்த்தாள், அம்மாவின் கண் போகும் திசையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தன் பாதங்கள்மேல் போட்டு மூடினாள். இருபது. துண்டை எடுத்தாள். மூன்று.

"என் காலா?"

"இடது கால் கட்டைவிரல்" என்றாள் அண்ணி. "குழந்தையில என் விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவே. எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கும். எப்ப பிடி தளரும்னு உன்னையே பாத்துக்கிட்டு இருப்பேன். நீ விடறதுக்கு முன்னால அந்த விரல் மடங்கும். இப்பவும் மடங்குது."

ஏழு வருடம் அந்தக் காலுக்கு நகம் வெட்டியவள் நான். ஒருநாளும் பார்த்ததில்லை. சுருக்கென்றது. அந்தச் சுருக்கு அடங்குவதற்குள்ளேயே சந்தோஷமாகவும் இருந்தது.

நண்டு நோட்டைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அம்மா மடிமேல் காலைத் தூக்கிப் போட்டாள். "எங்க, நீ காட்டு. எந்த இடத்துல மடங்குது?" ஒழிந்தது மரியாதை. அண்ணி அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பள்ளி வேன் தெருமுனையில் வந்து நின்றது. ஸ்கேலும் அட்டையும் துண்டும் பையில் இருந்தன. நண்டு ஒரு கையால் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தோழிகள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல். டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணி குனிந்து, பாலிஷ் போட்ட அவள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷூவுக்குள்ள என்ன அண்ணி தெரியும்?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல" என்றாள். "ஆனா இன்னும் மடங்கல."