மாமனார் உடைக்காத தொட்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்கூட இல்லை, பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது. இதில் வரும் ஜெய் நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். அதனால் 'அவன்'. அவனைத் திட்டுவது சுலபம்.

2

முதல் தொடக்கம்: "கும்பிடுபூச்சியைப் போல முன்கைகளை மடித்து வைத்திருக்கும் அந்த இறாலின் கண்களுக்கு, இந்த உலகம்..."

(நிறுத்திவிட்டேன். இறாலின் அழகுக்குப் பின்னால் ஒளியப் பார்க்கிறேன்.)

இன்னொன்று: "மருதப்பனுக்கு மறதி ஆரம்பித்திருந்த..."

(இது அதைவிடக் கேவலம். பழியை முதல் வரியிலேயே அவர் தலையில் கட்டுகிறது.)

சரி, நடந்தபடியே சொல்கிறேன்.

3

சிங்கப்பூரில், கிளமெண்டி வீட்டில் மூன்று பேர்: ஜெய், அவன் மனைவி சுஷ்மிதா, அவள் அப்பா மருதப்பன். மருதப்பன் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ஒருமுறை அடுப்பை அணைக்க மறந்தார். முதியோர் ஹோமில் சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, "என் புத்தி எனக்குத் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

ஜெய்க்கு விசித்திரப் பிராணிகள்மேல் பைத்தியம். கும்பிடுபூச்சி இறாலை விற்கும்போதே மீன்கடை அன்வர் எச்சரித்தார்.

"கண்ணாடித் தொட்டி வேணாம் லா. அக்ரிலிக் பிளாஸ்டிக்ல வாங்குங்க. இது குத்துனா நண்டு ஓடே தாங்காது."

ஜெய் கேட்கவில்லை. கண்ணாடியில்தான் நிறம் தெளிவாகத் தெரியும். மூன்றாவது வாரம் கண்ணாடியின் உள்பக்கத்தில் இறால் குத்திச் சில்லு பெயர்ந்த மிளகளவு தடத்தைப் பார்த்தான். கல்லை நகர்த்தி மறைத்தான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஜெய்யும் சுஷ்மிதாவும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கித் திரும்பினால் ஹால் முழுக்கத் தண்ணீர். தொட்டியில் நீளமாக விரிசல். நடுவில் மருதப்பன், கையில் ஊன்றுகோலோடு.

"அப்பா, கம்பால தட்டுனீங்களா?"

அவர் கம்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"தெரியலமா... தட்டியிருப்பேன் போல."

அப்போது ஜெய் பேசினான். "விடு சுஷ். வயசானவங்க."

(இந்த மூன்று வார்த்தைகளைத்தான் ஒரு வருடமாக எழுத முடியவில்லை. சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு அசிங்கமில்லை. மன்னிக்கவும் செய்தான்.)

அந்த வாரமே மருதப்பன் பெட்டியை எடுத்து வைத்தார். "என்ன ஹோம்ல சேத்துடுங்க. இன்னிக்குத் தண்ணி, நாளைக்கு நெருப்பாயிடும்."

இறாலை வாளியில் கொண்டுபோய் அன்வரிடமே கொடுத்தான் ஜெய். "குத்திடுச்சா?" என்றார். "ஆமா" என்றான். அங்கே உண்மை எவ்வளவு லேசாக வந்தது!

4

ஜெய் ஹோமுக்கு ஓடிப்போய் மாமனார் காலில் விழுகிறான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

(எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.)

5

உண்மையில் போனது நாலு மாதம் கழித்து. தனியாகப் போனான்.

"மாமா, அந்தத் தொட்டிய நீங்க உடைக்கல. இறால்தான் குத்திச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

மருதப்பன் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க மாப்ள. நான்தான் தட்டுனேன். கம்பு அதிர்ந்தது இன்னும் கைல இருக்கு."

பிறகு சொன்னார்: "நீங்க நல்லவரு. சுஷ்மிதா குடுத்து வச்சவ."

ஜெய் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறினான்.

6

என் கதைகளை முதலில் படிப்பவள் சுஷ்மிதாதான். அவள் படிக்காமல் எதையும் நான் வெளியே அனுப்பியதில்லை. இப்போது ஹாலில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். "முடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறாள். "இன்னும் ஒரு பாரா" என்கிறேன்.

இது உங்கள் கைக்கு வந்திருந்தால் அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். படித்து முடித்து நிமிர்ந்தவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சாதகமாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.